இருநூற்று நாற்பது அழைப்புகள்

கணுக்கால் எலும்பு முறிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், பத்து வருடமாகக் கூட வாழ்கிற மனைவி என்ன வேலை செய்கிறாள் என்பதை அந்த லிஃப்ட் மெக்கானிக் ஒழுங்காகப் பார்த்தான். அதுவரை யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டே இருப்பா" என்று சொல்வான். சொல்லும்போது குரலில் லேசாக ஒரு கேலி எட்டிப் பார்க்கும். கிரீஸ் படாத கை, வேர்க்காத நெற்றி, நாற்காலியை விட்டு நகராத உழைப்பு. அதை வேலை என்று சொல்ல அவனுக்குக் கொஞ்சம் வாய் கூசும்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. படுக்கையறையில் இணையம் விட்டுவிட்டு வரும் என்பதால் அவள் கூடத்துச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் லேப்டாப்பை விரித்துக்கொள்வாள். எதிரே சோபாவில், இரண்டு தலையணை மேல் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்கு அவள் உட்கார்ந்தால், திரையில் ஏழு கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெறும். ஏழு ஊர்களில் ஏழு பேர். அதில் இரண்டு பேரை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

முதல் வாரத்திலேயே அவனுக்கு எல்லாரும் அத்துப்படி ஆகிவிட்டார்கள். ஒருத்தரின் ஜன்னலுக்கு வெளியே எப்போது பார்த்தாலும் மழை. அவருக்கு டீமில் மழைக்காரர் என்றே பெயர். ஒருத்தி தன்னை அறியாமல் முணுமுணுத்துப் பாடுவாள்; அவள் பாட்டுக்காரி. இன்னொருவர் டீச்சர். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் புதிதாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவர். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. டீம் தலைவியான இவளைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் எல்லாரையும் போல "லீட்" என்றுதான் கூப்பிடுவார்.

அவர்கள் பார்த்துக்கொள்வது ஆறு கிளினிக்குகளின் மென்பொருளை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் கிளினிக்குகள். யார், எந்த நாள், எந்த மெஷின், எத்தனை மணி என்று பட்டியல் போட்டு, நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்புவது வரை எல்லாம் அதன் பொறுப்பு.

தினமும் காலையில் அவள் கேட்கும் முதல் கேள்வி அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. "முடிஞ்சுதா?" என்று கேட்க மாட்டாள். "எங்கயாச்சும் மாட்டிக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்பாள்.

"இப்படிக் கேட்டா எவன் வேலை செய்வான்? எங்க சூப்பர்வைசரா இருந்தா அங்கயே நின்னு உருட்டி மிரட்டுவாரு" என்றான் ஒருநாள்.

"உருட்டினா மாட்டிக்கிட்டதை மறைச்சிடுவாங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யார் எத்தனை நிமிடம் மௌஸை அசைத்தார்கள் என்று எண்ணிச் சொல்கிற ஒரு கருவியைக் கூடக் கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்தது. அதை அவள் ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை. இதெல்லாம் ரொம்ப இளகின மனசு, ஒருநாள் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் இருக்கும். அவள் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவள் முகம் வெளிறிப்போனதை எதிரே இருந்தவன் பார்த்தான்.

நடந்தது இதுதான். ஆறு கிளினிக்குகளில் ஒன்றில் மறுநாள் மெஷின் சர்வீஸ். அங்கே வரவேண்டிய நாற்பது பேருக்கு மட்டும் "நாளைய சிகிச்சை ரத்து, வேறு தேதி தெரிவிக்கப்படும்" என்று மெசேஜ் போக வேண்டும். அது ஆறு கிளினிக்குக்கும் போய்விட்டது. போகக்கூடாத இருநூற்று நாற்பது பேருக்குப் போய்விட்டது. ரத்து என்று நம்பி நாளைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஆட்கள் அவர்கள்.

அவன் பதறிப்போய் ஊன்றுகோலை எடுத்தான். அவளோ ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். பிறகு ஏழு பேரையும் கூப்பிட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டீச்சரின் குரல் வந்தது. "லீட், அந்த மெசேஜ் புரோகிராம் நான் எழுதினது. ஒரு கிளினிக்குக்கு மட்டும்னு ஒரு வரி போட்டிருக்கணும். விட்டிருக்கேன். இப்பதான் பார்த்தேன்." குரல் நடுங்கியது.

"சரி டீச்சர். சொன்னது நல்லதாப் போச்சு, தேடுற நேரம் மிச்சம்" என்றாள் அவள். அவ்வளவுதான். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "முடிச்சு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களும் மழைக்காரரும் அதை அவிழுங்க. அடுத்த மெசேஜ் ஒண்ணுகூட வெளிய போகாம முதல்ல நிறுத்துங்க. என்னோட சேர்த்து மத்த ஆறு பேரும் போன் எடுக்கறோம். ஆளுக்கு நாற்பது."

"சரியான மெசேஜ் இன்னொண்ணு அனுப்பிட்டா போதாதா அக்கா?" என்று கேட்டாள் பாட்டுக்காரி.

"அதையும் அனுப்புவோம். ஆனா ஒரு மெசேஜ் ரத்துன்னு சொல்லி, அடுத்தது இல்லைன்னு சொன்னா, எதை நம்புவாங்க? மனுஷக் குரல் கேக்கணும். 'சிஸ்டம் தப்பு'ன்னு யாரும் சொல்லாதீங்க. தப்பு எங்க பக்கம்னு சொல்லுங்க. நாளைக்கு வர்றோம்னு அவங்க வாயால சொல்லக் கேட்டுட்டு அப்புறம் வைங்க."

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கை பரபரத்தது. அவனும் ஒரு போன் வைத்திருக்கிறான், சும்மாதான் இருக்கிறான். "எனக்கும் ஒரு இருபது பேரைக் கொடேன். நல்லாப் பேசுவேன்" என்றான்.

"கூடாதுங்க."

"ஏன்? நான் என்ன வேத்து ஆளா?"

"எனக்கு வேத்து ஆள் இல்லை. அவங்களுக்கு வேத்து ஆள்தான். யாருக்கு என்ன நோய்ங்கறது அந்தப் பட்டியல்ல இருக்கு. அதை என் புருஷனா இருந்தாலும் காட்ட எனக்கு உரிமை இல்லை." கொஞ்சம் தயங்கி, "நீங்க உள்ள போயிடுங்க. நான் பேரு சொல்லிப் பேசணும். காதுல விழக்கூடாது" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. சொந்த வீட்டிலேயே வெளியே அனுப்பப்பட்ட மாதிரி, ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் எவ்வளவு நேரம்தான் தூக்கி வைத்திருப்பது? சொல் காதில் விழவில்லை, தொனி மட்டும் கதவைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு அழைப்பும் புதிதாகத் தொடங்குவது போல ஒரே நிதானம். இருபதாவது ஆளிடமும் அவசரம் இல்லை. நடுவில் ஒருமுறை நெடுநேரம் அவள் பேசவே இல்லை. எதிர்முனையில் யாரோ கொட்டித் தீர்க்கிறார்கள் என்பது மௌனத்திலிருந்தே தெரிந்தது.

தங்கள் கம்பெனியை நினைத்துக்கொண்டான். லிஃப்ட்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டால், கடைசியாக சர்வீஸ் பார்த்தது யார் என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் அரை மணி நேரம் ஓடிவிடும். உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்; வெளியே ஆளாளுக்கு "நான் இல்லை, அவன்" என்று கை நீட்டிக்கொண்டிருப்பார்கள். அவனும் நீட்டியிருக்கிறான்.

பன்னிரண்டரைக்கு எழுந்து, ஒற்றைக் காலில் சமையலறைக்கு நொண்டிப் போய் டீ போட்டான். கூடத்து வாசலில் நின்று சைகை காட்டி, அவள் அழைப்பை முடித்ததும் டம்ளரை மேசை விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினான். அவள் கண்ணால் நன்றி சொன்னாள்.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தாள். "இருநூத்தி முப்பத்தெட்டு பேர் பேசிட்டாங்க. ரெண்டு பேர் போன் எடுக்கலை. அதுல ஒருத்தர் வீட்டுக்கு கிளினிக்லேர்ந்து ஆள் போயிருக்கு."

"இன்னொருத்தர்?"

"ரெண்டாவது நம்பரா பக்கத்துக் கடையைக் கொடுத்திருக்காரு. கடைக்காரர் என்ன விஷயம்னு துருவித் துருவிக் கேட்டாரு. அதை அவர்கிட்டதான் சொல்ல முடியும், கொஞ்சம் கூட்டிட்டு வாங்கன்னு கெஞ்சினேன். 'கடனா?'ன்னு கேக்கறாரு. இல்லைங்க, நல்ல விஷயம்தான்னேன். போயிருக்காரு." அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே தொலைபேசி அடித்தது. அவர்தான். கதவு மறுபடி சாத்தப்பட்டது. இரண்டு நிமிடத்தில் திறந்தது. "நாளைக்கு வர்றாராம்."

கடைசி ஆளும் மூன்று மணிக்குள் கிடைத்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தாராம், ரத்து மெசேஜையே பார்க்கவில்லையாம்.

சாப்பிடும்போது, பெயர் ஊர் எதுவும் இல்லாமல், ஒரு அம்மாள் எப்படி ஐந்து நிமிடம் விடாமல் திட்டினார் என்று சொன்னாள். "கடைசில 'நீயாவது போன் பண்ணினியே'ன்னு சொல்லி அழுதுட்டாங்க." சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

நாலு மணிக்குக் கம்பெனி இயக்குநர் மீட்டிங் வைத்திருந்தார். தன்னோடு மட்டும் பேசும்படி அவள் கேட்டும், டீம் மொத்தமும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். இதில் நோயாளிகளின் விவரம் எதுவும் இல்லை என்பதால் அவனை உள்ளே போகச் சொல்லவில்லை. கேமராவில் படாமல் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். பள்ளியிலிருந்து வந்த மகளை வாயில் விரல் வைத்து அடக்கிப் பக்கத்தில் இருத்திக்கொண்டான்.

இயக்குநர் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு ஒரு பேரு வேணும். கிளினிக்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க. இன்னாரை வேலையை விட்டு எடுத்துட்டோம்னு சொன்னாத்தான் அடங்குவாங்க."

"என் பேரை எழுதிக்கங்க மேடம்" என்றாள் அவள்.

"நீங்க எழுதினது இல்லையே அது."

"எழுதினது ஒருத்தர். படிச்சுப் பார்த்து சரின்னு விட வேண்டியது நான். ஒழுங்காப் படிக்க அரை மணி நேரமாவது ஆகும். நேத்து சாயங்காலம் ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல, நாலே நிமிஷத்துல சரின்னு அழுத்திட்டேன். எத்தனை நிமிஷம்னு லாக்ல பதிவாகியிருக்கும், பாருங்க."

சமையலறை வாசலில் இருந்தவன் ஸ்டூலில் நெளிந்தான். நேற்று சாயங்காலம், ரிமோட் எட்டவில்லை என்று அவளை மூன்று முறை கூப்பிட்டது அவன்தான்.

"லாக் என்கிட்டயும் இருக்கு" என்றார் இயக்குநர். "எழுதினவங்க சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது. வயசும் ஆயிடுச்சு. அவங்களை எடுத்தா ஏன்னு யாரும் கேக்கப் போறதில்லை."

"நான் கேப்பேன் மேடம்."

குரல் உயரவே இல்லை. காலையில் நோயாளிகளிடம் பேசிய அதே தொனி. "எடுத்தே ஆகணும்னா வரிசையா எடுங்க. சரின்னு விட்ட ஆள்லேர்ந்து ஆரம்பிங்க."

திரையில் ஒரு கட்டத்தில் மைக் திறந்தது. டீச்சர்.

"நான்தான் எழுதினேன் மேடம். காலையில லீட்கிட்ட நானே சொல்லிட்டேன். உங்ககிட்டயும் என் வாயாலயே சொல்லிடறேன். லீட் எனக்காக மறைச்சாங்கன்னு ஆகக்கூடாது." இந்த முறை நடுக்கம் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரணக் கதைதான். இன்னொரு மைக் திறந்தது. மழைக்காரர். அவர் ஜன்னலில் வழக்கம்போல மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிக் குரல் கேட்கக் கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

"என் பங்கும் இருக்கு மேடம். ஒரே நேரத்துல நூறு மெசேஜுக்கு மேல போனாலோ, பட்டியல்ல ஏதாவது இடிச்சாலோ ஒரு எச்சரிக்கை மணி அடிக்கும். ரெண்டு வாரமா அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பொய்யா அடிக்குதுன்னு நினைச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்னு நான்தான் அதை அணைச்சு வச்சேன். அது இருந்திருந்தா காலையில நூறோட நின்னிருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "டீச்சரோட தப்பைச் சரி பண்ணும்போது அந்த மணியைத் திரும்பப் போட்டேன். உடனே அடிச்சுது. ஏன்னு தோண்டிப் பார்த்தேன். அது பொய்யா அடிக்கலை மேடம். வர்ற வெள்ளிக்கிழமை ஒரு கிளினிக்ல பதினோரு மெஷினுக்கு ஒரே நேரத்துல ரெண்டு ரெண்டு பேர் போட்டிருக்கு. யாரும் கவனிக்கலை. பத்து நிமிஷம் முன்னாடிதான் கண்டுபிடிச்சேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சிருக்கும். கிளினிக் வாசல்ல."

"மணியை அணைச்சது நீங்கதான்னு எனக்குத் தெரிய வந்திருக்குமா?"

"வந்திருக்காது மேடம். சொல்ல பயமாத்தான் இருந்துச்சு." மழைக்காரர் கேமராவை நேராகப் பார்த்தார். "ஆனா காலையில டீச்சர் சொன்னப்ப லீட் அவங்களை ஒரு வார்த்தை சொல்லலை. நேரம் மிச்சம்னாங்க. அதான் சொல்லிடலாம்னு."

தன்னுடைய கேலியெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான் அவன். மூன்று வாரமாக எதை இளகின மனசு என்று நினைத்தானோ, அது இப்போது இருபத்திரண்டு நோயாளிகளை ஒரு தவிப்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. எழுந்து நின்று யாரிடமாவது "அது என் பொண்டாட்டி" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லாததால் மகளின் தோளை அழுத்தினான். "வலிக்குதுப்பா" என்றாள் அவள் கிசுகிசுப்பாக.

இயக்குநர் உருகிவிடவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு முழு ரிப்போர்ட் என் மேசையில இருக்கணும். வெள்ளிக்கிழமை விஷயத்தை கிளினிக்குக்கு நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேர் என்ற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அவள் டீமிடம் சொன்னாள்: "ராத்திரி யாரும் உக்காராதீங்க. களைச்சுப்போய் எழுதினா இன்னொரு தப்புதான் வரும். காலையில ஏழு மணிக்கு நான் இருப்பேன். முடிஞ்சவங்க வாங்க, முடியாதவங்க சங்கடப்பட வேண்டாம்."

லேப்டாப்பை மூடியவள் பக்கத்தில் அவன் நொண்டி வந்து நின்றான். "நேத்து நான் கூப்பிட்டதாலதானே அவசரமா அழுத்தினே? அதை ஏன் சொல்லலை?"

"நீங்க கூப்பிட்டீங்க. இருங்க வர்றேன்னு நான் சொல்லியிருக்கலாம்ல? அழுத்தினது என் விரல்தானே" என்றாள் அவள். பிறகு, "ஆனா ரிமோட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டா குறைஞ்சு போயிட மாட்டீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனும் எழுந்து உட்கார்ந்திருந்தான். மூன்று பேர் வந்தால் அதிகம் என்று அவள் சொல்லியிருந்தாள். டீச்சரின் கட்டம் முதலில் வந்தது. பிறகு மழைக்காரர். பாட்டுக்காரி தலைதுவட்டிக்கொண்டே வந்தாள். ஏழு அடித்து நாலு நிமிடத்துக்குள் ஏழு கட்டமும் நிறைந்துவிட்டன. அவள் குனிந்து எதையோ தேடுவது போலப் பாவனை செய்தாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஹெட்செட் காதில்தான் இருந்தது. தேடுவதற்கு எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டை டீச்சர்தான் எழுதினார். யார் என்பது அதில் இல்லை. எந்த நிமிடம் என்ன நடந்தது, எந்த இடத்தில் எது தடுத்திருக்கலாம், இனி எது தடுக்கும் என்பது மட்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி. இனிமேல் இப்படிப்பட்ட மாற்றத்தை இரண்டு பேர் படித்தால்தான் போகும், அதில் ஒருவர் லீடாக இருக்கக்கூடாது, லீடுக்கு மீட்டிங் அதிகம் என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள்.

அன்று அந்த இருநூற்று நாற்பது பேரும் சிகிச்சைக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பட்டியல் வியாழக்கிழமை மத்தியானமே சரியாகிவிட்டது. கிளினிக்குகளின் தலைமை மருத்துவர் அந்த ரிப்போர்ட்டைத் தன் நர்ஸ்களுக்கும் படிக்கக் கொடுத்தாராம். டீச்சர் வேலையில் இருந்தார். ஆனாலும் எல்லாம் சும்மா போய்விடவில்லை; லீடுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படிக்காமல் ஒப்புதல் கொடுத்ததற்காக, ஒரு வருடம் அவள் கோப்பில் இருக்கும். பதவி உயர்வு தள்ளிப் போகும். அவள் இரண்டு முறை படித்தாள். "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

சனிக்கிழமை அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர் பழப் பையோடு கால் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களை உட்காரக்கூட விடவில்லை அவன்.

"மச்சான், எங்க வீட்டம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கு, தெரியுமா?"

பரிசு விழுந்த மாதிரி அவன் சொன்னதைக் கேட்டு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கால் வலிக்குக் கொடுத்த மாத்திரை தலைக்கேறிவிட்டதோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

"ஊரெல்லாம் தண்டோரா போடாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் கேட்பதாக இல்லை. செவ்வாய்க்கிழமை பத்தேகாலிலிருந்து ஆரம்பித்தான். தன்னை அறைக்குள் போகச் சொன்னதைக்கூட விடவில்லை. அதைத்தான் அதிகப் பெருமையோடு சொன்னான். "என்கிட்டகூடக் காட்டலைடா. புருஷன்னும் பார்க்கலை." நாலு மணி மீட்டிங்குக்கு வந்தபோது மாவுக்கட்டுக் காலை மறந்து எழுந்து நின்றுவிட்டான், மூன்று பேரும் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

முடித்தபோது மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அவரவர் கை நீட்டிய நாட்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வயதில் மூத்தவர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, உங்க டீம்ல லிஃப்ட் ரிப்பேர் பார்க்கற ஆளு யாராச்சும் தேவைப்படுமாம்மா?"